அனிமேஷன் படிக்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சாம்பிள்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் குடியிருக்கும் அக்கா ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். சீட்டு எடுத்த பணத்தில் அவனுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"ஏனுங் தம்பி, பையன் அனிமேஷன்தான் படிக்கோணும்னு ஒரே அடம். கோயமுத்தூர்ல ரெண்டு லட்சம் கட்டச் சொல்றாங்க. படிச்சு முடிச்சா வேலை உறுதின்னு சொல்றாங்க. நகையை வெச்சுக் கட்டிரலாமுங்களா?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம், இதே கேள்வி ஒரு காலத்தில் எங்கள் வீட்டிலும் எழுந்தது. அன்று எங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த அக்காவிடம் நான் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களில் பலருக்கும் இந்த ஆசை இருக்கும் என்பதால், உங்களுக்கும் இது பயன்படலாம்.

பிரிண்டிங்கில் இருந்து அனிமேஷனுக்கு

நான் 2006-ல் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனராகச் சேர்ந்தேன். டிசைனர் என்றால் பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பையர் அனுப்பும் படத்தை போட்டோஷாப்பில் திறந்து, அதில் உள்ள நிறங்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். நான்கு கலர் டிசைன் என்றால் நான்கு ஃபிலிம், நான்கு ஸ்கிரீன். இதற்குக் கலர் செப்பரேஷன் என்று பெயர். ஒரு ஃபிலிம் நூலளவு நகர்ந்தாலும் டீ-ஷர்ட்டில் படம் இரட்டையாகத் தெரியும். கம்பெனிக்கு மொத்தப் பீஸும் நஷ்டம்.

2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் இல்லை என்றால் துணி இல்லை. துணி இல்லை என்றால் பிரிண்டிங்குக்கு என்ன வேலை? வாரத்தில் ஆறு நாள் வேலை இரண்டு நாளாகச் சுருங்கியது. சனிக்கிழமைச் சம்பளக் கவரும் சுருங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் 'எந்திரன்' வெளியாகியிருந்தது. நூற்றுக்கணக்கான ரஜினிகள் பந்தாக உருண்டு, பாம்பாக எழுந்து நின்ற காட்சியைப் பார்த்ததில் இருந்தே எனக்கு அந்த ஞாபகம்தான். போட்டோஷாப் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும், அனிமேஷன் படித்தால் என்ன என்று தோன்றியது. அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்து 1,20,000 ரூபாய் கட்டி ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். ஒன்றரை ஆண்டுப் படிப்பு. 'நூறு சதவீத வேலை உறுதி' என்று நோட்டீஸில் அச்சிட்டிருந்தார்கள்.

சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை

2013 தொடக்கத்தில் சான்றிதழோடு சென்னைக்குச் சென்றேன். மூன்று ஸ்டுடியோக்களில் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு இடங்களில் சான்றிதழ் இருந்த பைலைத் திறக்கவே இல்லை. "ஷோ ரீல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். ஷோ ரீல் என்பது, நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஒரு சிறிய வீடியோ.

மூன்றாவது இடத்தில் ஒரு சூப்பர்வைசர் பொறுமையாக என் ரீலைப் பார்த்தார். ஒரு ரோபோ நடந்து வரும், ஒரு விண்கலம் பறக்கும், ஒரு கார் வெடிக்கும். பார்த்து முடித்ததும் தன் கம்ப்யூட்டரில் வேறொரு ஃபைலைத் திறந்தார். அதிலும் அதே ரோபோ, அதே விண்கலம், அதே கார்! எனக்கு முந்தைய பேட்ச் மாணவர் கொடுத்த ரீல் அது. எல்லோரும் ஒரே பயிற்சி ஃபைலை வைத்து, ஆசிரியர் சொன்ன பட்டன்களை அழுத்தியிருக்கிறோம். "தம்பி, இதுல நீங்க செஞ்சது எது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

திரும்பி வரும்போது, இரவு ரயிலில், ஒன்று உறைத்தது. திருப்பூரில் எந்தப் பையராவது கம்பெனியின் சான்றிதழை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறாரா? முதலில் சாம்பிள் கேட்பார். சாம்பிளைத் தொட்டுப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், துவைத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் ஆர்டர். ஷோ ரீல் என்பது நம் சாம்பிள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றேகால் லட்சம் செலவானது. உங்களுக்கு இந்தக் கட்டுரையோடு போகட்டும்!

ஒரு ஷாட் எப்படி உருவாகிறது?

பனியன் ஒன்று நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கை மாறி வருவது போலவே, சினிமாவின் ஒரு ஷாட்டும் பல கைகள் மாறித்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஒருவரே செய்வதில்லை. முக்கியமான பிரிவுகளைப் பாருங்கள்.

மாடலிங்: உருவத்தை முப்பரிமாணத்தில் வடிப்பது.
டெக்ஸ்ச்சரிங்: அதற்குத் தோல், துணி, துரு என மேற்பரப்பு கொடுப்பது.
ரிக்கிங்: உள்ளே எலும்புக்கூடு அமைத்து அசைக்க ஏதுவாக்குவது.
அனிமேஷன்: அசைவு கொடுப்பது.
எஃபெக்ட்ஸ்: தீ, புகை, நீர், துணி போன்றவற்றை உருவாக்குவது.
லைட்டிங்: ஒளி அமைப்பது.
மேட்ச்மூவ்: உண்மையான கேமரா எப்படி நகர்ந்ததோ அதே போலக் கம்ப்யூட்டர் கேமராவையும் நகர்த்துவது.
ரோட்டோ: எடுக்கப்பட்ட காட்சியில் ஒரு ஆளையோ பொருளையோ ஓரம் வரைந்து பிரித்தெடுப்பது.
கம்ப்பாஸிட்டிங்: எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது.

பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். இதில் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்று ஒளிந்திருக்கலாம். என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு டீ-ஷர்ட்டில் சிவப்பு மலர் அச்சிட வேண்டும் என்றால், நேராகச் சிவப்பு அடித்தால் எடுக்காது. அடியில் முதலில் வெள்ளை அடிக்க வேண்டும். அந்த வெள்ளை, மலரைவிட மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும்.

கம்ப்பாஸிட்டிங்கில் 'மேட்' என்று ஒன்று உண்டு. படத்தில் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம் அது. அதன் ஓரத்தையும் தேவைப்பட்டால் மயிரிழை உள்ளே தள்ள வேண்டும். இல்லையென்றால் ஆளைச் சுற்றிப் பழைய பின்னணி நிறம் கோடாகத் தெரியும். ஐந்து ஆண்டுகள் பிரிண்டிங்கில் நான் செய்தது இதைத்தான்! பயிற்சி நிலையத்தில் ஒன்றரை ஆண்டு இருந்தும் இந்த ஒற்றுமை எனக்குத் தெரியவில்லை. பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தைப் பார்க்கவில்லை.

திருப்பூர்க்காரருக்குத் தெரிந்த ரகசியம்

அனிமேஷனில் கடினமான விஷயங்களில் துணியும் ஒன்று. பிக்சார் நிறுவனம் 1997-ல் எடுத்த 'ஜெரீஸ் கேம்' என்ற குறும்படத்தில், செஸ் விளையாடும் ஒரு தாத்தாவின் கோட்டைக் கம்ப்யூட்டர் கணக்கு மூலம் அசைத்தார்கள். அந்தப் படம் ஆஸ்கார் பெற்றது. 2001-ல் வந்த 'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்தில் வரும் குழந்தையின் தொளதொள சட்டையும் அப்படித்தான் அசைந்தது.

ஆனால் பின்னல் துணி, நெய்த துணியைப் போன்றது அல்ல என்பது நமக்குத் தெரியும். நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பின்னலில் ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்து நிற்கும். இழுத்தால் நூல் நீள்வதில்லை; வளையம்தான் உருமாறுகிறது. அதனால்தான் பனியன் இவ்வளவு இழுபடுகிறது. சிங்கிள் ஜெர்சியை வெட்டிப் போட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும். சில டீ-ஷர்ட்கள் துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிடும். செக்கிங் அக்காக்களைக் கேட்டால் கையாலேயே காட்டுவார்கள்.

இந்த வளையங்களை நூல் நூலாகக் கம்ப்யூட்டரில் கணக்கிட முடியும் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் சிக்ராஃப் மாநாட்டில் காட்டினார்கள். அங்கே ஆராய்ச்சியாகச் செய்த விஷயத்தைக் காதர்பேட்டையில் துணி எடுப்பவர் விரலால் தெரிந்து வைத்திருக்கிறார். இந்த அறிவு வீண் போகாது. மதுரைக்காரர் என்றால் மல்லிகை, தூத்துக்குடிக்காரர் என்றால் கடல், தஞ்சாவூர்க்காரர் என்றால் தலையாட்டி பொம்மை. உங்கள் ஊரில் நீங்கள் கூர்ந்து பார்த்த ஒன்றில் இருந்து தொடங்குங்கள்.

சாஃப்ட்வேருக்குக் காசு வேண்டாம்

"மாயா, ஹூடினி எல்லாம் விலை அதிகமாச்சே" என்பீர்கள். திருட்டு சி.டி. தேடிய காலம் போய்விட்டது. பிளெண்டர் என்ற சாஃப்ட்வேரை இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். மாடலிங், அனிமேஷன், துணி, தீ, கம்ப்பாஸிட்டிங் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இது இலவசமான கதை சுவையானது. நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசென்டால் உருவாக்கிய சாஃப்ட்வேர் இது. அதை விற்ற நிறுவனம் 2002-ல் மூடப்பட்டது. முதலீட்டாளர்கள் ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். உலகெங்கும் இருந்த பயனாளர்கள் ஏழே வாரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். அன்று முதல் பிளெண்டர் எல்லோருக்கும் பொது. 2025 மார்ச்சில், சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் பெற்ற 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்யப்பட்டதுதான். லாட்வியா என்ற சிறிய நாட்டின் இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் படங்களோடு போட்டியிட்டு வென்றார்.

வரைவதற்கு கிரிட்டா இலவசம். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு உண்டு. கம்ப்பாஸிட்டிங் செய்யும் ஃப்யூஷன் அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டுடியோக்கள் பயன்படுத்தும் நியூக், ஹூடினி ஆகியவற்றுக்கும் பழகிப் பார்க்க இலவசப் பதிப்புகள் உண்டு. அவற்றை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்பதே நிபந்தனை.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை, 8 ஜிபி ராம் இருந்தால் தொடங்கலாம். 16 ஜிபி இருந்தால் நல்லது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ரெண்டரிங் வேகமாகும். இல்லையென்றாலும் முதல் ஆறு மாதப் பயிற்சிக்குத் தடை இல்லை. லேப்டாப்பின் டச்பேடில் மல்லுக்கட்டாமல், நடுவில் சக்கரம் உள்ள மவுஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிளெண்டருக்கு அது மிக அவசியம்.

இன்றே செய்து பாருங்கள்: விழும் துணி

1. பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் ஒரு கட்டம் இருக்கும். அதன் பெயர் கியூப். அதை அழிக்க வேண்டாம்.

2. ஷிஃப்ட் கீயுடன் ஏ அழுத்துங்கள். வரும் மெனுவில் மெஷ், அதில் பிளேன் தேர்ந்தெடுங்கள். தட்டையான ஒரு தாள் வரும். எஸ் அழுத்தி 3 என்று அடித்து என்டர் கொடுங்கள், தாள் பெரிதாகும். பிறகு ஜி, இசட், 3, என்டர் என்று வரிசையாக அழுத்துங்கள்; தாள் மேலே போகும்.

3. டேப் கீயை அழுத்தி, மவுஸில் ரைட் கிளிக் செய்து சப்டிவைட் கொடுங்கள். இடது பக்கம் கீழே ஒரு சிறு பெட்டி வரும். அதில் நம்பர் ஆஃப் கட்ஸ் என்ற இடத்தில் 50 என்று டைப் செய்யுங்கள். தாள் சிறு சிறு கட்டங்களாகப் பிரியும். கட்டம் இல்லையென்றால் துணி மடியாது. மீண்டும் டேப் அழுத்துங்கள்.

4. வலது பக்கம் உள்ள ஐகான்களில் ஃபிசிக்ஸ் என்பதைத் திறந்து கிளாத் பட்டனை அழுத்துங்கள். பிறகு கியூபைக் கிளிக் செய்து, அதே ஃபிசிக்ஸ் பகுதியில் கொலிஷன் கொடுங்கள்.

5. ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். துணி விழுந்து கட்டத்தின் மேல் மடிந்து நிற்கும்!

இனிதான் உண்மையான பாடம். கிளாத் பகுதியில் காட்டன், டெனிம், லெதர், ரப்பர், சில்க் என்று தயார் அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் பழைய பனியனை எடுத்து ஒரு பெட்டியின் மேல் போடுங்கள். கம்ப்யூட்டர் துணிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? எங்கே மடிகிறது? எங்கே கனமாகத் தொங்குகிறது? இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் கண்தான் தொழில். பட்டன் எங்கே இருக்கிறது என்பது அடுத்த வெர்ஷனில் மாறிவிடும், கண் மாறாது.

கரண்ட் போனால் என்ன செய்வது?

சென்னையில் இருந்து திரும்பிய நான், நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு ஷாட் செய்தேன். எங்கள் தெருவை நண்பரின் கேமராவில் எடுத்து, இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கொடியும், அதில் காற்றில் ஆடும் பனியன்களும் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். கொடியும் பனியனும் உண்மையில் அங்கே இல்லை.

ஷாட் 8 விநாடி. சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஆக 192 ஃபிரேம். என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக 12 நிமிடம். கணக்குப் போட்டால் 38 மணி நேரத்துக்கு மேல்! தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த காலம் அது. முதல் முறை நேராக வீடியோ ஃபைலாக ரெண்டர் கொடுத்தேன். பாதி ஆனபோது கரண்ட் போனது. ஃபைல் திறக்கவே இல்லை.

அதன் பிறகு கற்றுக்கொண்ட பாடம்: எப்போதும் பிஎன்ஜி படங்களாக ரெண்டர் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தனி ஃபைலாகச் சேமிக்கப்படும். 90-வது ஃபிரேமில் கரண்ட் போனால், 90-ல் இருந்து மீண்டும் தொடங்கலாம். எல்லாம் முடிந்த பிறகு படங்களைச் சேர்த்து வீடியோ ஆக்கிக்கொள்ளலாம். ஸ்டுடியோக்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த ஒரு ஷாட்டோடு அதே சூப்பர்வைசரிடம் போனேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "பனியன் எது, சுவர் எது?" என்று கேட்கவில்லை. "கொடி எங்க கட்டினீங்க?" என்று கேட்டார். கட்டவே இல்லை என்றேன். ரோட்டோ பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் 9,000 ரூபாய். பிரிண்டிங்கில் வாங்கியதைவிடக் குறைவு. அடகில் இருந்த வளையலை மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின.

மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தத் தொழிலில் நல்ல வேலை செய்தாலே வாழ்க்கை பத்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' நினைவிருக்கிறதா? அதில் வரும் புலியை உருவாக்கியது ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம். மும்பையிலும் ஐதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் 24-ம் தேதி, அந்தப் புலிக்கு ஆஸ்கார் கிடைத்தது. அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராட்டத்தில் நின்றிருந்தார்கள்.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 'முஃபாசா' படத்தின் சிங்கங்களை உருவாக்கிய எம்பிசி, டெக்னிகலர் குழுமத்தைச் சேர்ந்தது. படம் 2024 டிசம்பரில் வெளியானது. 2025 பிப்ரவரியில் அந்தக் குழுமமே நொடித்துப்போனது. பெங்களூரில் இருந்த அதன் கிளையில் வேலை செய்தவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் என்னோடு சென்னையில் வேலை பார்த்தவர்கள்.

காரணம் எளிது. படம் எடுப்பவர் ஒரு தொகை பேசி வேலையைக் கொடுத்துவிடுவார். பிறகு எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் அதே தொகைதான். ஜாப் ஒர்க் எடுத்துப் பழகிய திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதோடு இப்போது ஏஐ வந்துவிட்டது. நான் நாள் முழுக்க உட்கார்ந்து ஓரம் வரைந்த எளிய ரோட்டோ வேலைகளை இன்று கம்ப்யூட்டரே பெருமளவு செய்துவிடுகிறது. எனவே ஒரு பட்டன் வேலையை மட்டும் கற்று உள்ளே போகலாம் என்ற கணக்கு இனி உதவாது.

நானும் சில ஆண்டுகளில் கம்ப்பாஸிட்டிங்குக்கு மாறி, பிறகு ஊருக்கே திரும்பினேன். இன்று ஏற்றுமதி நிறுவனங்களுக்கு முப்பரிமாண ஆடை சாம்பிள்கள் செய்து கொடுக்கிறேன். துணி வெட்டாமல், தைக்காமல், கம்ப்யூட்டரிலேயே டீ-ஷர்ட்டைத் தைத்துப் பையருக்குக் காட்டும் வேலை. சினிமாவில் கற்ற துணிக் கணக்கு இங்கே சோறு போடுகிறது. அனிமேஷன் படித்தால் சினிமா மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். விளம்பரம், கேம், கட்டட வடிவமைப்பு, மருத்துவப் பாடப் படங்கள் என்று வழிகள் பல உண்டு.

பணம் கட்டும் முன் ஆறு மாதம்

அக்காவின் மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டம் இது. தினமும் இரண்டு மணி நேரம் போதும்.

முதல் மாதம்: குதிக்கும் பந்து. பென்சிலிலும் வரையுங்கள், பிளெண்டரிலும் செய்யுங்கள். ரப்பர் பந்து, கிரிக்கெட் பந்து, பலூன் மூன்றும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும்.

இரண்டாம் மாதம்: ஒரு துணி மூட்டை. அதற்கு முகம் இல்லை, கை கால் இல்லை. ஆனால் அது சோர்ந்திருக்கிறதா, துள்ளுகிறதா என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். டிஸ்னி கலைஞர்கள் மாவு மூட்டையை வைத்து இதே பயிற்சியைச் செய்தார்கள்.

மூன்றாம், நான்காம் மாதம்: வீட்டில் உள்ள ஒரு பொருளை மாடலிங் செய்யுங்கள். நூல் கோன், தையல் மிஷின், அனுப்பர்பாளையம் பித்தளைச் சொம்பு, எதுவானாலும் சரி. ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் அதை வைத்து, போட்டோவோடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் மாதம்: செல்போனில் எடுத்த வீடியோவில் அந்தப் பொருளைச் சேருங்கள். நிழல் விழும் திசை, ஓரம், நிறம் மூன்றும் பொருந்த வேண்டும்.

ஆறாம் மாதம்: எல்லாவற்றிலும் சிறந்ததை மட்டும் எடுத்து ஒரு நிமிடத்துக்கு மிகாமல் ரீல் செய்யுங்கள். மிகச் சிறந்தது முதலில் வரட்டும். ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது எது என்று கீழே எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், தாராளமாகப் படியுங்கள். சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும், மும்பை ஐஐடியின் ஐடிசி பிரிவிலும் அனிமேஷன் கற்பிக்கிறார்கள். இவற்றுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அந்தத் தேர்வுகளுக்கும் இந்த ஆறு மாதப் பழக்கம் உதவும்.

தனியார் நிலையத்தில் சேர்வதானால் இவற்றைக் கேளுங்கள்:

* பாடம் எடுப்பவர் இதற்கு முன் எந்தப் படங்களில் வேலை செய்தார்?
* கடைசி பேட்ச் மாணவர்கள் ஐந்து பேரின் ரீலைக் காட்ட முடியுமா? ஐந்தும் ஒரே மாதிரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.
* ஒரு மாணவருக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டா? வாரம் எத்தனை மணி நேரம்?
* வேலை உறுதி என்றால் எந்த வேலை, என்ன சம்பளம் என்று எழுதித் தருவார்களா?
* இடையில் நின்றால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? தவணையில் கட்டலாமா?
* பட்டம் என்று சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது?

இந்தக் கேள்விகளைக் கேட்டு 2011-ல் நான் ஒரு நாள் செலவழித்திருந்தால், அம்மாவின் வளையல் கையிலேயே இருந்திருக்கும்.

போன வாரம் அந்தப் பையன் பென்டிரைவோடு வந்தான். முதல் பந்து. "எப்படீங்கண்ணா?" என்றான். பந்து கீழே விழும்போதும் ஒரே வேகம், மேலே எழும்போதும் ஒரே வேகம். லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கியது. உச்சிக்குப் போகும்போது பந்து தயங்க வேண்டும், தரைக்கு வரும்போது விரைய வேண்டும் என்று சொல்லி, வாசலில் ஒரு ரப்பர் பந்தைத் தட்டிக் காட்டினேன். இருவரும் அரை மணி நேரம் அதைச் செல்போனில் எடுத்து ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தோம். நேற்று மறுபடி வந்தான். இந்த முறை பந்து உச்சியில் ஒரு கணம் நின்றது. கூட வந்திருந்த அக்கா, "இது நெசமாலுமே பந்து மாதிரி இருக்குதுங்க தம்பி" என்றார்.

இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நகை பீரோவிலேயே இருக்கிறது.